பல்லுக்கு மேல பாஸ்வேர்ட்

...வந்துடுச்சு பாருங்க! திரும்பவும் வந்து குத்துக்கல்லாட்டம் நிக்குது பாருங்க சார். உங்க பல்லோட எக்ஸ்ரே தெரியற இடத்துல, சரியா அந்த வேர் மேலயே, என்ன தெனாவட்டா உக்காந்திருக்கு... ‘பாஸ்வேர்டைக் கொடுக்கவும்’. ஏன், இப்பத்தானே குடுத்தேன்? உங்க கண்ணு முன்னாடிதானே குடுத்தேன்? நீங்கதான் சாட்சி... ஐயையோ, தலைய ஆட்டாதீங்க, உள்ள ஊசி நிக்குது. கண்ண மட்டும் சிமிட்டுங்க, போதும்.

இருங்க, இத ஓரமாத் தள்ளிட்டு வரேன். கேன்சல். போச்சா? போகலையே... ஆங், போச்சு. கை அழுக்காயிடுச்சேன்னு பயப்படாதீங்க. மவுஸு, கீபோர்டு ரெண்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கேன், பேஷன்டுக்குப் பேஷன்ட் புதுசு மாத்திடுவேன். நம்ம வேலை சுத்தம். அதனாலதானோ என்னவோ, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்னைக் கண்டா இவ்வளவு எளக்காரம்.

வலிச்சா இடது கையத் தூக்குங்கன்னு சொன்னேன்ல? அவ்வளவுதான் நீங்க பண்ண வேண்டியது. பேசணும்னு முயற்சி பண்ணாதீங்க. அந்த ரப்பர் ஷீட்ட வாய் முழுக்கக் கட்டியிருக்கறதே, எச்சி ஒரு சொட்டுகூட பல்லுக்குள்ள எறங்கக் கூடாதுன்னுதான். நீங்க என்ன சொன்னாலும் எனக்கு ‘ஆ ஊ’ன்னுதான் கேக்கும். நான் பேசறேன், நீங்க கேளுங்க. வேர் சிகிச்சைன்னா நேரம் எடுக்கும், சும்மா விளக்கப் பாத்துட்டுப் படுத்திருந்தா உங்களுக்கும் போர் அடிக்கும்ல?

என்ன சொல்லிட்டிருந்தேன்... மெயில். போன்ல பாக்கலாமேன்னு கேப்பீங்க. போன்ல எழுத்து எறும்பாட்டம் இருக்கு சார். பல்லு பாக்கறதுக்குன்னு கண்ணுல மாட்டியிருக்கேனே இந்தப் பூதக்கண்ணாடி, இதப் போட்டா பல்லு மலையாட்டம் தெரியும், மத்ததெல்லாம் மங்கல். எடுத்து எடுத்து மாட்ட முடியுமா? அதனால மெயிலெல்லாம் இந்தப் பெரிய ஸ்கிரீன்லதான். நல்லாத்தான் இருந்துது. காலைல வந்து சுவிட்சப் போட்டா அதுபாட்டுக்கு இறக்கிப் போடும். பல் செட் செய்யற லேப்ல இருந்து ‘உங்க ஆர்டர் ரெடி’ன்னு வரும், யாராவது அப்பாயின்ட்மென்ட் கேட்டு எழுதுவாங்க. ஒரு வம்புதும்பு கிடையாது.

ஒரு நாள், ‘உங்க பாஸ்வேர்ட் ரொம்பப் பழசாயிடுச்சு, மாத்துங்க’ன்னுது. மாத்தினேன். பெரியவங்க சொன்னா கேக்கற மாதிரி மாத்தினேன். அன்னிக்குப் புடிச்சுது சனி. மறுநாள் வந்து தொறந்தா, ‘தவறான பாஸ்வேர்ட்’ங்குது. எது தவறு? நான் என் கையால வெச்சது, நானே அடிக்கறேன், அது தவறா? சரி, வயசாகுது, நமக்குத்தான் மறந்துடுச்சோன்னு புதுசு ஒண்ணு வெச்சேன். கொஞ்ச நேரம் அமைதி. திரும்பவும் கேக்குது. புதுசு வெச்சேன். கேக்குது. வெச்சேன்... கேக்குது.

நீங்க லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர்தானே? யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் அஞ்சாவது மாடிக்குப் போகணும். உங்க லிஃப்ட் மாடிக்கு மாடி நின்னு, ‘நீ யாரு? நிஜமா நீதானா?’ன்னு கேட்டா உங்கள சும்மா விடுவாங்களா? கட்டி வெச்சு உதைப்பாங்க. ஆனா கம்ப்யூட்டர் கேட்டா மட்டும், ‘அது உங்க பாதுகாப்புக்கு மேடம்’. யாருகிட்ட இருந்து பாதுகாப்பு? என்கிட்ட இருந்தே என்னைப் பாதுகாத்துட்டிருக்கு. வாய இன்னும் கொஞ்சம்... அப்படித்தான். தண்ணி விடறேன், ஜில்லுன்னு இருக்கும்.

அந்தப் பொட்டிக்குக் கீழ ஒரு குட்டிக் கட்டம் இருக்கும், ‘பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்’ன்னு. டிக் அடிக்கறேன். பவ்யமா வாங்கிக்குது. எங்க வீட்டுக்காரர்கிட்ட, வரும்போது பால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா அவரும் இப்படித்தான் வாங்கிக்குவார். அப்புறம் வெறுங்கையோட வந்து நின்னு, ‘என்ன சொன்னே?’ன்னு கேப்பார். அவர் கூடப் பரவாயில்ல, ஒரு தடவைதான் கேப்பார்.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். தோள்ல பை, காதுல என்னமோ ஒரு கருவி, அமர்க்களமா வந்தார். அவர் வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்ததுதான் தாமதம், இந்தச் சனியன் வாயே தொறக்கல சார். மெயில் பாட்டுக்குக் கொட்டுது. ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு மேடம்’னு என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனார். அவர் படியெறங்கினதும் வந்துடுச்சு. ஆனா அதுல எனக்கு ஆச்சரியமில்ல. நம்ம பேஷன்டுங்களும் அப்படித்தானே... உயிர் போற வலின்னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டு வருவாங்க, வாசல்ல எங்க போர்டப் பாத்ததும் வலி போயிடும்.

தோ, வந்துடுச்சு திரும்பவும். சரி, புதுசு போட்டாத்தான் அடங்கும். டோக்கனம்மா... டோக்கனம்மா! அந்தப் போன எடுத்துட்டு வாங்க, கோட் வரும்!

முன்னாடி உக்காந்து உங்களுக்கு நம்பர் குடுத்தாங்களே, அவங்கதான். சொந்தப் பேரு ஒண்ணு இருக்கு, ஆனா எங்களுக்கு டோக்கனம்மாதான். ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ன்னு இங்க ஒரு பட்டன் இருக்கு சார். அத அமுக்கினா கிளினிக் போனுக்கு ஒரு கோட், அதான் ரகசிய நம்பர், வரும். அந்த கோடப் போட்டாத்தான் புதுசு வெக்க விடும். போன் அவங்க டிராயர்ல இருக்கும். பாவம், இந்த ஒரு வேலைக்கே நடந்து நடந்து செருப்புத் தேஞ்சுபோச்சு அவங்களுக்கு.

வாங்க டோக்கனம்மா, படிங்க... ம்... ம்... ஏழு... ம். ஏத்துக்குச்சு. என்ன, அப்படியே நிக்கறீங்க? ஒண்ணு சொல்லணுமா? எந்த ரூம் விஷயம்? அந்த ரூம் விஷயம்னா வேணாம். அங்க நடக்கறத இங்க வந்து பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? இங்க நடக்கறத அங்க பேசக் கூடாதுன்னு அவரும் சொல்லியிருக்காரா? ரொம்ப நல்லதாப் போச்சு, ரெண்டு பேர் பேச்சையும் கேட்டு நடந்துக்கங்க. சாப்பிடப் போங்க, நேரமாச்சு. போன டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டே போங்க, போன தடவ அது காணாமப் போய் பூந்தொட்டிக்குள்ள கெடச்சுது.

சார், கொஞ்சம் கண்ண மூடிக்கங்க. பாஸ்வேர்ட் அடிக்கறத அடுத்தவங்க பாக்கக் கூடாதாம்... ம். ஆச்சு. தொறங்க. பாத்தீங்களா, எவ்வளவு சமத்தா உள்ள விடுது? இந்த சமத்து எவ்வளவு நேரத்துக்குன்னு பாக்கலாம்.

இந்தப் பாஸ்வேர்டுக்கு இருக்கற ஆசாரம் இருக்கே... பெரிய எழுத்து ஒண்ணு வேணுமாம், நம்பர் வேணுமாம், ஏதாவது ஒரு குறி வேணுமாம், இதுக்கு முன்னாடி வெச்சது எதுவும் ஆகாதாம். முதல்ல என் பசங்க பேர வெச்சேன். அப்புறம் வீட்டு நாய் பேரு. அப்புறம் அலமாரில இருக்கற மருந்து பேரெல்லாம். அதுவும் தீந்ததும், வர்ற கோவத்துல திட்டா வெக்க ஆரம்பிச்சேன். தமிழ்த் திட்டுதான், இங்கிலீஷ் எழுத்துல. ‘சோம்பேறிக்கழுதை’, ‘நன்றிகெட்டவன்’, ‘அழுத்தக்காரன்’... கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுக்கும் ‘மிகவும் வலுவானது’ன்னு பச்சைக் கலர்ல பாராட்டும். யாரத் திட்டினேன்னு கேக்காதீங்க. இப்ப திட்டும் தீந்துபோச்சு. கடைசியா வெச்சது... அது எதுக்கு உங்களுக்கு.

அந்த ரூம்ல யாருன்னு பாக்கறீங்களா? என் தம்பி. அவனும் பல் டாக்டர்தான். வாசல் போர்டுல ரெண்டு பேரு இருக்கே, மேல நான், கீழ அவன். ஒரே கிளினிக், ஒரே மெயில் அட்ரஸ், நடுவுல இந்த பிளைவுட் தடுப்பு. மேல கூரைக்கும் தடுப்புக்கும் நடுவுல சந்து விட்டிருக்கு பாருங்க, அங்கதான் ஏசி. ஒரே ஏசி, ரெண்டு பேருக்கும் பொது. அதுலதான் பேச்சு நின்னுது. எனக்குக் குளுருது, அவனுக்கு வேர்க்குது. ரிமோட்ட ஒளிச்சு வெச்சது யாருன்னு ஆரம்பிச்சு, சின்ன வயசுல பென்சில ஒடச்சது யாருங்கற வரைக்கும் போச்சு. ரெண்டு பேரும் தலை நரைச்ச டாக்டருங்க, பேஷன்டுங்க வரிசையா உக்காந்து வேடிக்கை பாக்கறாங்க. அன்னிலேர்ந்து ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் பல்லுக் கருவிக்குக் காத்தடிக்கற கம்ப்ரசர் மோட்டார் அவன் பக்கம் ஓடறதால நாம பேசறது அவனுக்குக் கேக்காது. அவன் கத்தினாத்தான் நமக்குக் கேக்கும்.

ஒரு வேர் முடிஞ்சுது சார். அடுத்த வேர் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, மெதுவாத்தான் போகணும். அதுக்குள்ள மெயிலப் பாத்துடறேன், இந்தக் கதவு எப்ப சாத்திக்கும்னு தெரியாது. லேப்... ரெடியாம். விளம்பரம். விளம்பரம். முடி கொட்டுதான்னு கேக்கறான், உனக்கென்னடா. இப்ப ‘அனுப்பியவை’... அனுப்பியவை... இல்ல. இன்னும் இல்ல.

எது இல்லன்னா கேக்கறீங்க? சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன, உங்க வாய்தான் கட்டியிருக்கே. அவனுக்கு ஒரு லெட்டர் வந்துது சார். இந்த மெயில்லதான். எந்த ஃபாரத்துக்கும் கிளினிக் அட்ரஸையே குடுத்துடுவான், சொந்தமா ஒண்ணு வெச்சுக்க சோம்பல். லேப்ல இருந்து வந்திருக்குன்னு நான் தொறந்துட்டேன். வேற ஊர்ல பெரிய பல் ஆஸ்பத்திரி, தலைமை டாக்டரா வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும், இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம். இன்னிக்குத்தான் வெள்ளிக்கிழமை.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்வான், சொல்வான்னு அன்னிக்கு முழுக்க அவன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். டீ குடிச்சான், பேப்பர் படிச்சான், போய் ஏசியக் குறைச்சான். அவ்வளவுதான், புடிச்சுக்கிட்டேன். ஒரு ரிமோட்டுக்காகவா சார் ஒரு மனுஷி அந்தக் கத்து கத்துவா? நீ என்னை விட்டுட்டுப் போகப் போறியாடான்னு நேரா கேட்டிருக்கணும். கேட்டா ஆமான்னு சொல்லிடுவானோன்னு பயம். அதனால ரிமோட் எங்கடான்னு கேட்டேன்.

அதுக்குத்தான் இந்த மெயிலுக்குள்ள பூந்து பூந்து பாக்கறேன். லேப் மெயிலாவது மண்ணாவது, அவங்க போன் பண்ணியே சொல்லிடுவாங்க. இவன் பதில் அனுப்பிட்டானான்னுதான் பாக்கறது. இன்னும் அனுப்பல. அப்ப யோசிக்கறான்னுதானே அர்த்தம்? போக மனசு வரலேன்னுதானே அர்த்தம்? அக்கா தனியா எப்படிச் சமாளிப்பான்னு அவனுக்கும் ஒரு இது இருக்கும்ல... எனக்கு ஒரு நப்பாசை, அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்தும், பொறுத்துக்கங்க.

ஐயோ, என்ன கத்தல்! கேட்டீங்களா? அதான் எங்க தம்பி. ‘திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சு, திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சு’ங்கறான். கொஞ்ச நாளா இப்படித்தான், இருந்திருந்தாப்பல கத்தறான். அவன் நாற்காலில வாயத் தொறந்துட்டு இருக்கறவங்க நிலமைய நெனச்சுப் பாருங்க, ரத்தம்தான் ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சுக்க மாட்டாங்க?

என்ன சார், கையத் தூக்கறீங்க? வலிக்குதா? இருங்க, மரத்துப்போற மருந்து இன்னும் கொஞ்சம்... இல்லையா? வலிக்கலையா? அப்ப எறக்குங்க. சும்மாச் சும்மா தூக்கினா எனக்குக் கை நடுங்கும்.

திரும்பவும் தூக்கறீங்களே! என்ன, தடுப்பா? தடுப்புல என்ன, பல்லியா? கம்ப்யூட்டரா? தடுப்பு, கம்ப்யூட்டர், தடுப்பு... என்ன சார், டிராஃபிக் போலீஸாட்டம் கைய இங்கயும் அங்கயும் காட்டிட்டு... ஒரு நிமிஷம், இவன் என்னமோ சொல்றான். ‘டோக்கனம்மா, கோட் என்ன, சீக்கிரம் சொல்லுங்க’ங்கறான். அவங்கதான் சாப்பிடப் போயிட்டாங்களேடா. போன் பூட்டிக் கெடக்கு. இவனுக்கு எதுக்கு கோட்? புதுசா பாஸ்வேர்ட் வெக்கறவங்களுக்குத்தானே கோட் வரும், இவன் என்ன பாஸ்வேர்ட்...

சார்.

ஒரே மெயில், ரெண்டு கம்ப்யூட்டர். நான் மாத்தினா அவன் கம்ப்யூட்டர்ல கேக்கும். அவன் மாத்தினா என் கம்ப்யூட்டர்ல கேக்கும். அப்படித்தானே கையக் காட்டினீங்க? எவ்வளவு நேரமா காட்டறீங்க? நான் வேற மருந்து ஏத்தப் பாத்தேன். இந்த டோக்கனம்மாவுக்குத் தெரியும் சார்! ரெண்டு பேருக்கும் அவங்கதானே கோட் படிச்சாங்க. நாங்கதானே ரெண்டு பக்கமும் அவங்க வாயக் கட்டி வெச்சோம். கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் இருந்திருக்கு. அத நான் திட்டாத திட்டில்ல.

அப்ப... அவன் யோசிச்சுட்டிருக்கல. அவன் பதில் போடத்தான் துடிச்சுட்டிருக்கான். உள்ள போக முடியாமத்தான் அந்தக் கத்து. அவனுக்குப் போக மனசு வரலேன்னு நான் நெனச்சதெல்லாம்... சரி, விடுங்க.

இன்னொண்ணு தோணுதா உங்களுக்கு? எனக்குத் தோணுது. இப்ப நான் கம்முனு இருந்தாப் போதும். போன் பூட்டியிருக்கு. டோக்கனம்மா வந்து கோட் படிச்சாலும், அவன் வெச்ச கையோட நான் ஒண்ணு மாத்திடலாம். சாயங்காலம் தாண்டிடும், அவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க. அவன் இங்கயேதான் கெடக்கணும். கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டுடலாம், அது ஒண்ணும் சொல்லாது. நீங்களும் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது...

அப்படிப் பாக்காதீங்க சார். சொத்தைப் பல்லையே சம்மதம் கேட்டுட்டுத்தான் புடுங்கறேன், கூடப் பொறந்தவன் வாழ்க்கையக் கேக்காமப் புடுங்குவேனா. சொல்லிடறேன். உங்க பல்லத் தொறந்து போட்டுட்டு எழுந்து போகவும் கூடாது, இங்கேருந்தேதான் கத்தணும். ஆனா... வெச்சிருக்கறத எப்படிச் சத்தமாச் சொல்றதுன்னு தெரியலையே. வெளிய வேற ஆளுங்க உக்காந்திருக்காங்க. மாத்திட்டுச் சொல்லலாம்னா கோட் பூட்டிக் கெடக்கு. முந்தினதா இருந்தாக்கூட ‘நன்றிகெட்டவன்’னு தைரியமாக் கத்திடுவேன்.

டேய்! டேய் தம்பி! மோட்டார நிறுத்துடா! ...ஆமா, நான்தான், வேற யாரு? பேசறேன்ல? கோட் வேணாம், பாஸ்வேர்ட நானே சொல்றேன், அடி. ‘போகாதடா’! ...உன்கிட்டச் சொல்லலடா, பாஸ்வேர்டே அதுதான்! ‘போகாதடா’! இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சேத்து! முதல் எழுத்து பெருசு! கடைசில ஒண்ணு, அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி!

...மோட்டார நிறுத்திட்டான் சார். சிரிக்கறானா? உங்களுக்கு ஏதாவது கேக்குதா? என்னது? ‘டா’வுக்கு ஒரு ‘ஏ’வா ரெண்டு ‘ஏ’வா? ரெண்டு ‘ஏ’டா! பாத்தீங்களா, எழவு வீட்லகூட இவன் இதத்தான் கேப்பான்.

டிங்னுதே... ‘அனுப்பியவை’ல ஒண்ணு வந்துடுச்சு. அதுக்குள்ளயேவா? சார், எனக்குப் பாக்க தைரியமில்ல. கண்ணாடி வேற மங்கலா இருக்கு. ஸ்கிரீன உங்க பக்கம் திருப்பறேன், நீங்க படிங்க, கண்ணு நல்லாத்தானே இருக்கு. போறான்னா இடது கை. போகலேன்னா வலது கை. வலியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம், இப்போதைக்கு இடது கைன்னா போறான்னு அர்த்தம்... மெதுவாவே படிங்க... முடிஞ்சுதா?

என்ன சார், ரெண்டு கையையும் தூக்கறீங்க! இது என்ன சரண்டரா? தள்ளுங்க, நானே பாக்கறேன். ‘தங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி. வாரத்தில் பாதி நாட்கள் மட்டும் வந்து பணிபுரிய இயலும்’... பாதி நாளா... ‘என் சகோதரியை முழுவதுமாக விட்டுவிட்டு வர இயலாத நிலை. அவர் சிறந்த மருத்துவர். ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டர் சுத்தமாகத் தெரியாது.’

எனக்கா? எனக்கா சார் கம்ப்யூட்டர் தெரியாது? இத ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, தலைவர் வரைக்கும் படிக்கற லெட்டர்ல எழுதிப் போட்டிருக்கான்... இருங்க, இது என்ன தேதி? செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமையே எழுதி அனுப்பியிருக்கான் சார். அவன் புதுசு வெச்சு உள்ள போறதுக்குள்ள நான் மாத்தி மாத்தி, இத்தன நாளா வெளிய போக முடியாம அவன் கம்ப்யூட்டருக்குள்ளயே கெடந்திருக்கு. நான் ‘நன்றிகெட்டவன்’னு வெச்சப்பவும் அது அங்கதான் கெடந்திருக்கு.

சிரிக்காதீங்க, ரப்பர் கழண்டுடும். ஆமா, அழறேன்தான், ஊரைக் கூட்டிக் கத்தினதுக்கப்புறம் இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு. இத்தன வருஷத்துல என்னை யாரும் இவ்வளவு நிம்மதியா அவமானப்படுத்தினதில்ல சார். வாயத் தொறங்க, அந்த வளைஞ்ச வேர முடிச்சுடலாம்.